பின்பக்கத்து இரண்டு சில்லுகள்

மகன்,

போன வியாழக்கிழமை, இந்த வருடத்தின் முதல் ஸ்நோ கொட்டிய காலையில், ஸ்காபரோவில் நாங்கள் வழக்கமாக மரக்கறி வாங்கும் பிளாசாவில், உன் அப்பா தன் எஸ்யூவியைக் கொண்டுபோய்த் தள்ளுவண்டில்கள் அடுக்கியிருந்த கம்பிக் கூண்டுக்குள் விட்டார். வேகம் என்று கேட்டால், பக்கத்தில் நடந்து போனவர் என்னை முந்திவிட்டார். பிரேக்கை மிதித்தேன். வாகனம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கல்யாண மண்டபத்தில் சாப்பாட்டு வரிசையைப் பார்த்துப் போகிற பெரிய மனிதரைப் போல, அவசரமில்லாமல், நேராக, வழுக்கிக்கொண்டே போய் வண்டில்களோடு வண்டிலாக நின்றது. முருங்கைக்காய்க் கட்டோடு நின்ற ஒரு அம்மா கண்ணாடிக்குக் கிட்ட வந்து, "அண்ணை, வண்டில் எடுக்கிறதெண்டால் இறங்கி வந்து எடுங்கோவன். காரோடை உள்ளுக்கை போகவேணுமே?" என்று கேட்டார். நாலு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இருபத்தாறு வருடம் இதே ஊரில் பேக்கரிப் பாண் டெலிவரி வான் ஓட்டியவன் வேறென்ன செய்வது. பக்கத்து சீற்றில் இருந்த உன் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. வலது மணிக்கட்டை இடது கையால் பொத்திப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி இருந்தார். அந்தக் கையைப் பார்த்த பிறகுதான் இந்தக் கடிதத்தை இனிமேலும் தள்ளிப்போட முடியாது என்று எனக்குத் தெரிந்தது.

உனக்குத் தெரிந்த விஷயத்தையே முதலில் சொல்கிறேன். மருமகளின் பிள்ளைப்பேற்று லீவு இந்த மாதத்தோடு முடிகிறது. வருகிற மாதத்திலிருந்து நீதான் காலையில் சின்னவளைப் பின் சீற்றில் கட்டி, விட்பியிலிருந்து 401 நெடுஞ்சாலையில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டுவிட்டு வேலைக்குப் போகப் போகிறாய். பின்னேரம் திரும்பவும் அதே வழி. மாரிக் குளிர் முழுக்க, கிழமையில் ஐந்து நாள். அம்மா இப்போதே சின்னவளுக்கென்று ஒரு மூலையை ஒதுக்கி, பாயும் தலையணையும் வைத்து, என்னை அந்தப் பக்கம் சப்பாத்தோடு போகக்கூடாது என்று தடை போட்டிருக்கிறார். எல்லாம் சந்தோஷம். ஆனால் உன்னுடைய எஸ்யூவியில் இன்னும் எல்லாக் காலத்துக்கும் பொதுவான ஓல்-சீசன் ரயர்தான் கிடக்கிறது. உன்னுடைய அளவுக்கு வாங்கிய, குளிருக்கென்றே செய்த நாலு வின்ரர் ரயரும் என்னுடைய வாகனத்தின் பின்பக்கத்தில் படுத்திருக்கின்றன. அவை ஏன் உன் வீடுவரை வந்து திரும்பிப் போயின என்பதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

பிளாசாக் கூத்துக்கு அடுத்த நாள் நான் ஒரு சோதனை செய்தேன். சிரிக்காதே. பூட்டிக் கிடக்கும் பழைய தளபாடக் கடையின் பார்க்கிங் லொட்டுக்குக் காலை எட்டு மணிக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். யாரும் வழிக்காத ஸ்நோ, கணுக்கால் அளவுக்கு. வெறும் அரிசிப் பை ஒன்றை விரித்து, பறக்காமல் அதன் மேல் ஒரு கல்லை வைத்தோம். மணிக்கு முப்பது கிலோமீற்றரில் வந்து, அந்தப் பைக்கு நேரே பிரேக் அடிப்பது என் வேலை. வாகனம் நின்ற இடம்வரை காலடி எண்ணுவது அம்மாவின் வேலை. "அறுபத்தாறு வயசிலை உங்களுக்கு விளையாட்டு, எனக்கு ஸ்நோவிலை நடை," என்று முணுமுணுத்தாலும் ஒழுங்காக எண்ணினார். நாற்பத்தொன்று. பிறகு கார் திருத்துகிற றாசனுடைய கராஜுக்குப் போய் நாலு சில்லுக்கும் வின்ரர் ரயர் போட்டுக்கொண்டு, மதியத்துக்கு முன்னரே அதே லொட்டுக்கு, அதே பைக்குத் திரும்பி வந்தோம். இருபத்தெட்டு. நான் நம்பாமல் இரண்டாம் தரம் ஓடினேன். இருபத்தொன்பது. வித்தியாசம், எங்கள் வீட்டு வாசலிலிருந்து றோட்டுக்குப் போகிற தூரம். அந்தத் தூரத்துக்குள் எத்தனை பேர் நிற்கலாம் என்று யோசித்துப் பார்.

ஆனால் எனக்குப் பயத்தைக் கொடுத்தது வேறொன்று. புறப்படுகிறபோது இரண்டு தரமும் வாகனம் ஒரே மாதிரித்தான் புறப்பட்டது. நாலு சில்லும் சேர்ந்து இழுக்கும், ஸ்நோவைக் கிழித்துக்கொண்டு போகும், ஏறியிருக்கிறவனுக்குத் தான் பெரிய வீரன் என்று தோன்றும். ஏமாற்று அதற்குள்தான் இருக்கிறது. போவது போலவே நிற்கவும் செய்யும் என்று நம்பிவிடுகிறோம். வளைவில் பார்த்தேன். ஓல்-சீசனில் ஸ்ரியறிங்கைத் திருப்பினால் முன்சில்லு திரும்பியது, வாகனம் திரும்பவில்லை. வின்ரர் ரயரில் திருப்பிய பக்கம் கொஞ்சம் யோசித்துவிட்டுத் திரும்பியது. எல்லாம் நல்லதாகவே சொல்லி உன்னை ஏமாற்ற மாட்டேன். லொட்டின் ஓரத்தில் கூரைப் பீலித் தண்ணீர் வடிந்து கண்ணாடியாய் உறைந்த ஒரு துண்டு ஐஸ் கிடந்தது. அதன் மேல் புது ரயரும் வழுக்கியது. குறைவாக வழுக்கியது, அவ்வளவுதான். ஐஸில் மெதுவாகப் போவதைத் தவிர வேறு மருந்து இல்லை. ஆனால் ஐஸ் முடிந்து ஸ்நோ தொடங்கிய இடத்தில் புது ரயர் சட்டென்று பிடித்ததே, அந்தப் பிடியை என் முதுகெலும்பில் உணர்ந்தேன்.

றாசனை உனக்கு நினைவிருக்கும். நம்முடைய பழைய காரையும் அவன்தான் பார்த்தவன். கழற்றிய பழைய ரயரில் என்னை நகத்தை ஊன்றச் சொன்னான். காய்ந்த பனங்கிழங்கு ஒடியல் போல, நகம் வழுக்கியது. புதியதில் ஊன்றச் சொன்னான். கொஞ்சம் இறங்கியது. "குளிருக்குப் பழைய ரயர் விறைச்சுப் போகும் அண்ணை. இது விறையாது. உங்கடை நாலு சில்லும் இழுக்கிற ஓல்-வீல் டிறைவ் போறதுக்குத்தான் உதவி. நிக்கேக்கை எல்லாற்றை காரும் ஒண்டுதான். பெரிய கார் எண்டால் பாரமும் கூட, இன்னும் தூரம் இழுக்கும்," என்றான். பிறகு குனிந்து வேலையைப் பார்த்தபடி, முகத்தைக் காட்டாமல் கேட்டான்: "நாலும் தானே அண்ணை? முந்தினமாதிரி ரெண்டு இல்லையே?" உனக்கு வேண்டிய நாலையும் அங்கேயே எடுத்துப் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்தேன். அவன் கேட்ட அந்த இரண்டுக்கு வருகிறேன்.

சனிக்கிழமை உன் வீட்டுக்கு வந்தேன். நீ கராஜுக்குள் சின்னவளின் தள்ளுவண்டிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாய். நான் பின்கதவைத் திறந்து நாலு ரயரையும் காட்டியதும் சிரித்தாய். "ஏன் அப்பா உதெல்லாம்? இது ஓல்-வீல் டிறைவ். அதுக்காகத்தானே இவ்வளவு பெரிய வாகனம் எடுத்தனான்," என்றாய். நான் நாற்பத்தொன்று, இருபத்தெட்டு என்று கணக்குச் சொன்னேன். அம்மாவின் காலடி என்றதும் இன்னும் சிரித்தாய். அதற்குப் பிறகு நீ சொன்னதைச் சிரிக்காமல் சொன்னாய். "அப்பா, ரயரிலை என்ன கிடக்கு? ஓட்டுறவன்ரை கையிலைதான் எல்லாம். நீங்கள்தானே சொன்னீங்கள். அண்டைக்குப் பிறகு நான் கவனமாத்தான் ஓட்டுறன். பிள்ளையை வைச்சுக்கொண்டு இன்னும் கவனமா ஓட்டுவன்." நான் பின்கதவைச் சாத்தினேன். "சரி மகன், நேரமாச்சு, அம்மா பாத்துக்கொண்டிருப்பா," என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். விட்பியிலிருந்து ஸ்காபரோ வரும்வரை அந்த நாலு ரயரும் பின்னால் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டே வந்தன. றேடியோவைக் கூட்டிப் பார்த்தேன். அந்தச் சத்தம் அடங்கவில்லை.

உன் அப்பா பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. பத்தாம் வகுப்புச் சோதனையை இரண்டு தரம் எடுத்தவன், இரண்டாம் தரம் பாஸ் பண்ணினேனா என்று இன்றைக்கும் கேட்காதே. எனக்கிருந்த ஒரே பட்டம் ஓட்டம்தான். எந்தப் புயலிலும் என் வான் பள்ளத்தில் இறங்கியதில்லை. கொண்டாட்டம் எதற்குப் போனாலும் பத்து நிமிடத்துக்குள் அந்தக் கதையைத் தொடங்கிவிடுவேன், அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார். கொம்பனி ஒவ்வொரு கார்த்திகையும் வானை வாங்கிவைத்து, நாலு சில்லுக்கும் வின்ரர் ரயர் மாட்டித் திருப்பித் தந்தது. இருபத்தாறு மாரியும் என்னைக் காப்பாற்றியது அந்த நாலும்தான். நானோ என் கையை மெச்சிக்கொண்டு திரிந்தேன்.

அந்தப் பெருமையோடுதான் வீட்டுக் காருக்கும் ரயர் போட்டேன். உனக்கு அப்போது பதினெட்டு வயது, லைசன்ஸ் எடுத்து இரண்டு மாதம். றாசன் நாலும் போடச் சொன்னான். நான், "முன்சில்லுதானே இழுக்குது, பின்சில்லு சும்மா கூட வாறது, அதுக்கு என்னத்துக்கு?" என்றேன். முன்னுக்கு இரண்டு புது வின்ரர் ரயர், பின்னுக்குத் தேய்ந்துபோன பழைய இரண்டு. காசுக்காகச் செய்தேன் என்று சொன்னால் கொஞ்சம் மரியாதையாவது மிஞ்சும். அதற்காகவும் இல்லை. கராஜில் நிற்கிற ஒருவன் எனக்கு ஓட்டம் பற்றிச் சொல்லித் தருவதா என்ற திமிர். வேலையிடத்தில் இரண்டு பேருக்கு இதை ஒரு கெட்டித்தனமாகச் சொல்லியும் கொடுத்தேன். நினைத்துப் பார், அதே காரை வாங்கிய அன்று கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்தபோது, ஐயர் நாலு சில்லுக்கும் நாலு எலுமிச்சம்பழம் வைத்தார். முன்சில்லுக்கு மட்டும் இரண்டு போதும் ஐயா என்று நான் சொல்லவில்லை. எலுமிச்சம்பழத்தில் நாலு வைத்த ஆள், ரயரில் இரண்டு வைத்தேன்.

அந்த வருடத்துத் தைப்பொங்கல் விழாவுக்குப் போய்விட்டு மத்தியானம் திரும்பி வந்தோம். நீ ஓட்டினாய், அம்மா உன் பக்கத்தில், நான் பின்னால், மடியில் மிச்சப் பொங்கல் சட்டி. ரூஜ் ஆற்றுப் பக்கம், ஸ்நோ படிந்த அந்த இறக்கத்தில், பாலத்துக்கு முந்திய வளைவில், நீ மெல்லத்தான் பிரேக்கில் கால் வைத்தாய். பின்னால் இருந்தபடியால் எனக்கு எல்லாரையும்விட முதலில் தெரிந்தது. என் சீற்றுக்குக் கீழே கார் கழன்று போவது போல இருந்தது. மூக்கு நின்றது, வால் சுற்றியது. முழுதாக ஒரு சுற்றுச் சுற்றி, அம்மா இருந்த பக்கமாகத் தடுப்புக் கம்பியில் போய் அடித்தது. பொங்கல் சட்டி முன்கண்ணாடிவரை பறந்தது. அம்மா கையை முன்னுக்கு ஊன்றியிருந்தார். மணிக்கட்டில் இரண்டு இடத்தில் முறிவு. இரண்டு மாதம் இடது கையால் தோசை சுட்டார், அதுவும் எங்களுக்கு வட்டமாக வரவேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் சுட்டார்.

காரை றாசனிடம் இழுத்துக்கொண்டு போனபோது அவன் சுற்றி வந்து பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டான். "முன்னுக்குப் பிடிச்சிருக்கு அண்ணை, பின்னுக்குப் பிடிக்கேல்லை. அதுதான் சுழண்டது. ஆர் ஓட்டியிருந்தாலும், நீங்கள் ஓட்டியிருந்தாலும் உதுதான் நடந்திருக்கும். நான் நாலும் போடச் சொன்னனான்." நான் அவனுக்குச் சொன்ன பதில் ஒரே ஒரு வசனம். "பெடியனுக்குச் சொல்லாதை." அவன் இன்றுவரை சொல்லவில்லை. அன்று பின்னேரம் ஆஸ்பத்திரி வரவேற்பறையில் சொந்தக்காரர் பத்துப் பன்னிரண்டு பேர் கூடிவிட்டார்கள். உன் சித்தப்பா, "அந்தக் காருக்கு நல்ல ரயர் போட்டிருந்ததோ அண்ணை?" என்று கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நீ சுவரோடு நின்றாய். நான் அப்போதுதான் அந்த வாசகத்தைச் சொன்னேன். "ரயரிலை என்ன கிடக்கு? ஓட்டுறவன்ரை கையிலைதான் எல்லாம்." பத்து விநாடியில் என் வாயிலிருந்து வந்த ஒன்று. நீ அதைப் பதினைந்து வருடம் வைத்திருந்து, போன சனிக்கிழமை சுத்தமாக, ஒரு சொல் மாறாமல் எனக்குத் திருப்பித் தந்தாய்.

அதற்குப் பிறகு நடந்தவற்றை நீ அறியாமல் நான் எண்ணிக்கொண்டு வந்திருக்கிறேன். ஒரு வருடம் நீ ஸ்ரியறிங்கைத் தொடவில்லை. பஸ்ஸில் பல்கலைக்கழகம் போய்வந்தாய். பிறகு ஓட்டத் தொடங்கியபோது, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, தோளை உயர்த்தி, பரீட்சை எழுதுகிறவனைப் போல ஓட்டினாய். இன்றைக்கும் அப்படித்தான் ஓட்டுகிறாய். நீ ஓட்டும்போது அம்மா முன்னுக்கு ஏறுவதில்லை. "பின்னுக்கு வசதி," என்பார். அவர் பின்கதவைத் திறக்கும்போதெல்லாம் நீ கண்ணாடியில் அவரைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்ப்பாய். உன் கையில் உனக்கு நம்பிக்கை இல்லாமல்தான் இவ்வளவு பெரிய வாகனம் வாங்கினாய் என்று நினைக்கிறேன். பிழை உன் கையில் என்று நம்புகிறவனுக்கு ரயரைக் காட்டி என்ன பயன்? இன்னும் கவனமாக ஓட்டுவேன் என்றுதானே சொல்வான். நான் என் மானத்தைக் காப்பாற்றச் சொன்ன பொய், இப்போது என் பேத்தியைப் பின் சீற்றில் வைத்துக்கொண்டு 401-இல் ஓடப் போகிறது.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தார். முறிப்பதை நிறுத்தவில்லை. முடிந்ததும் கேட்டார்: "அப்ப, பதினைஞ்சு வருசமா நான் அவனுக்குப் பின்னாலை ஏறினனான்?" நான் தலையாட்டினேன். "எனக்குச் சொல்லி என்ன. அவனுக்குச் சொல்லுங்கோ," என்று எழுந்து போய்விட்டார். இரவுச் சாப்பாட்டைத் தட்டில் போட்டு வைத்துவிட்டு ஒரு வசனம் சொன்னார்: "ஆஸ்பத்திரியிலை எல்லாருக்கும் முன்னாலைதானே அவனைப் பிழை சொன்னனீங்கள்." அதனால்தான் இந்தக் கடிதத்தை உனக்குத் தருகிற அதே நாளில், பிளாசாக் கடை வாசல்களில் கட்டுக்கட்டாய்க் கிடக்கும் நம்முடைய தமிழ்ப் பத்திரிகைக்கும் கொடுக்கிறேன். அந்தப் பன்னிரண்டு பேரும் மரக்கறியோடு அதையும் எடுத்துக்கொண்டு போகிறவர்கள்தான். சித்தப்பா கட்டாயம் வாசிப்பார், மரண அறிவித்தல் பார்க்கிற பழக்கம் அவருக்கு உண்டு. உனக்கு எழுத்துக்கூட்டி வாசிக்க நேரம் எடுக்கும். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு உன்னை இழுத்துக்கொண்டு போனதற்கு இதுவாவது பலன். விளங்காத இடத்தில் மருமகளைக் கேள். அவளுக்கும் தெரியவேண்டிய விஷயம்தான்.

உனக்குச் சொல்ல என்னிடம் பெரிய புத்திமதி ஒன்றும் இல்லை. சொன்ன புத்திமதி எப்படிப்பட்டது என்று இப்போது தெரிந்துகொண்டாய். வருகிற ஞாயிறு றாசன் உனக்காகக் கராஜைத் திறந்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறான். வா. நாலும் மாட்டட்டும். அதற்குப் பிறகு அந்த லொட்டுக்குப் போய், அரிசிப் பைக்கு நேரே நீயே பிரேக் அடித்துப் பார். காலடி எண்ண அம்மா வருவார். வேறொரு காரணத்துக்காகவும் வருகிறேன் என்றார்: உன் வாகனத்தில் முன்னுக்கு ஏறி இருந்து பார்க்க வேண்டுமாம். நான் பின்னால் இருக்கிறேன். எனக்குப் பழகிய இடம், அங்கிருந்துதான் எல்லாம் முதலில் தெரிந்தது.

இன்னும் ஒன்று இருக்கிறது. அன்று தடுப்புக் கம்பியடியில் அம்புலன்ஸ் வரும்வரை நீ கையுறை இல்லாமல் ஸ்நோவில் நின்றாய். என்னைப் பார்த்து, "அப்பா, நான் என்ன பிழை விட்டனான்?" என்று கேட்டாய். நான் அப்போது காரின் பின்சில்லைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். றாசன் சொல்வதற்கு முன்னரே, அந்த மொட்டை ரயரைப் பார்த்த உடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. உனக்குச் சொல்ல வேண்டிய பதில் வாய்வரை வந்தது. நான் சொன்னது, "காருக்குள்ளை ஏறி இரு, குளிரும்." போன சனிக்கிழமை உன் கராஜுக்குள்ளும் அதே பதில் வாய்வரை வந்தது. நேரமாச்சு என்று சொல்லிவிட்டுப் போனேன். பதினைந்து வருடம் நீ கேட்டுவிட்டு நின்ற அந்தப் பதில் இதுதான்:

நீ ஒரு பிழையும் விடேல்லை, மகன்.